சுவரின் கிழக்குப் பாதி

அன்று காலை தனக்கொடி தன் டம்ளரில் இருந்த டீயில் பாதியை ராஜாங்கத்தின் டம்ளரில் ஊற்றினாள். அவருடைய டீயில் காரைத் தூள் விழுந்துவிட்டது. கீழே கொட்டிவிட்டு வெறும் டம்ளரோடு உட்கார்ந்திருந்தார்.

"இது என்னோட பாதிங்க. குடிக்கறதுக்கு முன்ன பர்மிசன் வாங்கிக்கங்க," என்றாள்.

ராஜாங்கம் சிரிக்கவில்லை. அவர் சிரித்து நாளாகியிருந்தது. ஆனால் குடித்தார். அந்த வீட்டில் வழக்கப்படி நடந்த கடைசிக் காரியம் அதுதான். டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தபோது வாசலில் சைக்கிள் மணி கேட்டது. அதிகாரிகள் வந்துவிட்டார்கள்.

பாதி என்ற அந்தக் கேலி அவர்கள் வீட்டுக்குள் எப்படி வந்தது என்று சொன்னால்தான் மற்றது விளங்கும்.

புதுச்சேரியில் வாய்க்காலுக்கு மேற்கே ஒரு குறுக்குத் தெருவில், ராஜாங்கத்தின் தாத்தா காலத்து மெத்தை வீடு அது. பிரெஞ்சுக்காரன் ஆண்ட நாளில் தாத்தாவும் அவர் தம்பியும் ஒரு கிணற்றுக்காகச் சண்டை போட்டுக்கொண்டு, வீட்டை நடுவில் பிளந்து ஒரு சுவர் எழுப்பினார்கள். கிழக்கே அண்ணன், மேற்கே தம்பி. சுவர் யாருக்கு என்று கேட்டபோது இரண்டு பேருக்கும் என்று பத்திரம் எழுதும் நொத்தேர் பிரெஞ்சில் எழுதி வைத்தார். எல்லை சுவரின் கனத்துக்கு நடுவே போகிறது என்றும் ஒரு வரி சேர்த்தார். எழுதியவர் இறந்தார், அண்ணன் தம்பி இறந்தார்கள். மேற்குப் பக்கத்தை லூர்துசாமி என்ற சொல்தா வாங்கினார். பிரெஞ்சுப் படையில் இருந்து பென்சன் வாங்கியவர். அவரும் இறந்தார். பிள்ளைகள் பிரான்சில் இருந்தார்கள். அந்த வீட்டில் இப்போது வௌவால் மட்டும் குடியிருந்தது. சுவரின் நடுவே ஒரு எல்லை ஓடுகிறது என்பது யாருக்கும் நினைவில் இல்லை. சுவருக்கும் இல்லை.

எண்பத்திரண்டாம் வருஷம் ராஜாங்கம் வேலை பார்த்த பஞ்சாலையில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை என்று ஆயிற்று. அதே சமயம் பாகூரில் கட்டிக் கொடுத்திருந்த மகள் வசந்தா முழுகாமல் இருந்தாள். தலைப் பிரசவம். தீபாவளி கழித்து அழைத்து வர வேண்டும். வீட்டிலோ எல்லா அறையும் ஒழுகியது. கையில் காசு இல்லை, நாள் இருந்தது. தானே செப்பனிட்டுவிடலாம் என்று ராஜாங்கம் முடிவு செய்தார். சிமெண்டுக்குப் பர்மிட் வேண்டும். சுண்ணாம்புக்கு வேண்டாம். ஒரு பழைய கிடங்கை இடித்த இடத்தில் செங்கல் மலிவாகக் கிடைத்தது. தனக்கொடி மணல் சலித்தாள், அவர் பூசினார். முதல் பூச்சு கோணலாக வந்தது. "நெசவுக்காரன் பூசினா செவுரு வேட்டி மாதிரி மடிப்பு வுழுது," என்று அவள் சொல்ல, அவர் அதைச் சுரண்டிவிட்டு மறுபடி பூசினார். மெத்தைத் தளத்தின் ஒழுகல் நின்றது. அந்த ஒரு மாதம் அவர்கள் சந்தோஷமாக இருந்தார்கள்.

பிறகு நடு அறைக்கு வந்தார்கள். மகளைப் படுக்க வைக்க வேண்டிய அறை அது. காற்று படாதது, அடுப்பங்கரைக்குப் பக்கம். அதன் மேற்குச் சுவர்தான் அந்தப் பொதுச்சுவர். பழைய காரையைத் தட்டி எடுத்ததும் சுவர் தன் உடம்பைக் காட்டியது. நடுவில் வயிறு தள்ளி அவர்கள் பக்கமாகப் பிதுங்கியிருந்தது. மேலிருந்து ஒரு விரிசல் கோணலாக இறங்கியிருந்தது. தனக்கொடி அதற்குள் கையை விட்டாள். முழங்கை வரை போயிற்று.

"உள்ள காத்து வருதுங்க," என்றாள்.

கையை எடுத்த பிறகு அதை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். அதில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.

கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து எடுத்துத் திரும்பக் கட்ட வேண்டும் என்று ராஜாங்கத்துக்குத் தெரிந்திருந்தது. மழைக்கு இன்னும் நாள் இருந்தது. ஆனால் ஊரில் அப்போது புதிதாக ஓர் அலுவலகம் திறந்திருந்தார்கள். தொன்மைச் சுவர்கள் பரிசீலனைப் பிரிவு என்று அதற்குப் பெயர். ஜனங்கள் செவுரு ஆபீசு என்றார்கள். பிரெஞ்சுக் காலத்தில் கட்டிய எந்தச் சுவரிலும் அதைக் கேட்காமல் ஆணி அடிக்கக் கூடாது. பக்கத்துத் தெருவில் ஒருவர் சாமி படம் மாட்ட ஆணி அடித்துவிட்டு மூன்று முறை போய் விளக்கம் சொல்லியிருந்தார். கடைசியில் ஆணியைப் பிடுங்கினார். பிடுங்கியதற்கும் விளக்கம் கேட்டார்கள். ராஜாங்கம் அப்படியெல்லாம் வம்பு வேண்டாம் என்று துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு அனுமதி கேட்கப் போனார்.

மேற்பார்வை அதிகாரி ஜானகிராமன் அவரை உட்காரச் சொன்னார். அது ராஜாங்கத்துக்குப் பெரிய மரியாதையாகப் பட்டது. பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் தேவதாஸ் இருந்தார். வெள்ளைக் கால்சட்டை போட்ட முதியவர். பத்திரத்தைக் கண்ணுக்கு அருகே பிடித்துப் படித்தார். படிக்கும்போதே, "ஆத்தாந்தே, மொசியே ராஜாங்கம், ஆத்தாந்தே," என்று கையை உயர்த்தினார். பிரெஞ்சில், ஐயா, காத்திருங்கள் என்று அர்த்தம். ராஜாங்கம் காத்திருந்தார். பிறகு தேவதாஸ் நொத்தேரின் அந்த ஒரு வரியைக் கண்டுபிடித்துத் தமிழில் சொன்னார்.

ஜானகிராமனின் முகம் மலர்ந்தது. சுவரைத் தொட அனுமதி கேட்டவர்கள் பலர். கனத்தில் பாதிச் சுவர் வைத்திருந்தவர் இவர்தான் முதல். அன்றே உத்தரவு போட்டார். சுவரின் கிழக்குப் பாதியை ராஜாங்கம் செப்பனிடலாம். மேற்குப் பாதியைத் தொடக் கூடாது. அதற்கு லூர்துசாமியின் வாரிசுகள் ஒப்புதல் தர வேண்டும். பிரான்சுக்கு எழுதிக் கேட்கப்படும்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் தனக்கொடி சலித்துக்கொண்டிருந்த மணலை நிறுத்தினாள்.

"பாதி செவுத்த எப்படிங்க கட்டறது? பல்டாக்டரு கூட பாதி பல்ல புடுங்க மாட்டாரு."

எல்லையைக் குறிப்பதற்கு அளவர் கலியமூர்த்தி வந்தார். மெத்தைமேல் ஏறி, சுவரின் தலையில் இரண்டு முனையிலும் அளந்து, காவியில் தோய்த்த நூலை இழுத்துப் பிடித்துத் தெறித்தார். சிவப்புக் கோடு விழுந்தது. அதற்கு முன் கற்பூரம் ஏற்றி எலுமிச்சம்பழம் நறுக்கினார்கள். அலுவலகத்தில் எல்லாக் கோட்டுக்கும் அப்படித்தான் வழக்கம் என்றார். நூல் தெறித்த அதிர்ச்சியில் விரிசலுக்குள் ஒரு பிடி மண் இறங்கியது. கலியமூர்த்தி அதைக் கேட்டார். அது எந்தப் பாதியிலிருந்து இறங்கியது என்று தன்னால் சொல்ல முடியாது என்றும் அது தன் வேலை இல்லை என்றும் சொல்லிவிட்டு இறங்கினார்.

ராஜாங்கம் கிழக்குப் பாதியில் இரண்டு செங்கலை எடுத்துப் பார்த்தார். உள்ளே சுண்ணாம்பு செத்துப் பொடியாகிக் கிடந்தது. எடுத்த ஓட்டை வழியாக மேற்குப் பாதியின் ஒரு செங்கல் தானாக நகர்ந்து எட்டிப் பார்த்தது. அவர் அவசரமாக எடுத்ததை எடுத்த இடத்திலேயே வைத்து அடைத்தார். யாரும் பார்க்கவில்லை. அப்படியும் அடுத்த பரிசோதனையில் பூசும் கரணையின் தடம் கோட்டுக்கு அந்தப் பக்கம் கட்டை விரல் அகலம் போயிருப்பதாகக் கலியமூர்த்தி கண்டுபிடித்தார். விளக்கம் கேட்டு ஆள் வந்தது.

அதிலிருந்து ராஜாங்கத்துக்கு இரண்டு பயங்கள் சேர்ந்தன. ஒன்று சுவர். மற்றது அலுவலகச் சைக்கிள். இரண்டையும் ஒரே சமயத்தில் பார்க்க நேர்ந்தால் கொல்லைப் பக்கம் போய்விட்டு வருவார்.

தனக்கொடிக்கு ஒரு பயம்தான். அவள் ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டுவதை நிறுத்திவிட்டு, ஊற வைத்த அரிசியைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் வீட்டுக்குப் போனாள். கதவை அறைந்து சாத்துவதில்லை. ராஜாங்கத்துக்குத் தும்மல் வந்தால் தெருவுக்கு ஓடச் சொல்லியிருந்தாள். சுவர் தூங்குகிறது, எழுப்பிவிடக் கூடாது என்பது போல இருவரும் அந்த அறையில் குரல் தாழ்த்திப் பேசினார்கள். தெரு அடங்குகிற சாயங்கால நேரத்தில் உள்ளே மண் உதிர்வது கேட்கும். யாரோ முறத்தில் கேழ்வரகைப் புடைப்பது போல ஒரு சத்தம். புடைத்து முடித்ததும் நிற்கும். அவர்கள் மூச்சு விடுவார்கள். மறுபடி புடைக்கும்.

சுவர் நகர்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள அவள் பழைய காலண்டர் தாளைக் கீற்றுக் கீற்றாக வெட்டி, மைதாப் பசையால் விரிசலின் குறுக்கே ஒட்டினாள். ஒரு கொத்தனார் பொண்டாட்டி சொல்லித் தந்த வழி. சுவர் நகர்ந்தால் தாள் கிழியும். ஒட்டிய மறுநாளே மேல் தாள் கிழிந்தது. புதிதாக ஒட்டினாள். அதுவும் கிழிந்தது. காலையில் எழுந்ததும் சாமி படத்துக்கு முன் போவதற்குப் பதிலாக அங்கே போய் நிற்பது அவளுக்குப் பழக்கமாயிற்று.

கிழிந்த தாள்களை எடுத்துக்கொண்டு ராஜாங்கம் ஜானகிராமனிடம் போனார். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். இவை கையால் கிழித்தவை அல்ல, சுவர் கிழித்தவை என்பதற்கு ஒரு பொறுப்பான அதிகாரியின் சான்று வேண்டும் என்றார். அதோடு, தொன்மைச் சுவரில் தாள் ஒட்டுவது சுவரொட்டிக் குற்றத்தில் வரும், இந்த ஒரு தடவை மன்னித்துவிடுகிறேன் என்றார். ராஜாங்கம் நன்றி சொன்னார். கிளம்பும்போது எப்படியோ வாயிலிருந்து வந்துவிட்டது, பயமாக இருக்கிறது சார் என்று.

ஜானகிராமன் நல்ல மனிதர். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேசினார்.

"பயம் ஒரு தொழில்நுட்பக் காரணம் இல்ல ராஜாங்கம். நான்கூட என் மாமியாருக்குப் பயப்படறேன். அதுக்காக அவங்கள இடிச்சிட முடியுமா?"

ராஜாங்கம் முடியாது என்று ஒப்புக்கொண்டார். சுவரை அபாயச் சுவர் என்று அறிவித்தால் உடனே இடித்துக் கட்டலாமாமே என்று கேட்டார். அதைத் தனக்கொடி எங்கோ விசாரித்து வந்திருந்தாள்.

"கட்டலாம். ஆனா அபாயச் செவுரு இந்த வருஷத்துக்குப் பன்னெண்டுதான் சாங்ஷன். பன்னெண்டும் பூர்த்தி ஆயிடுச்சி. இப்ப உங்க செவுத்த அபாயம்னு நான் எழுதினா, அந்தப் பன்னெண்டுல ஒண்ண பத்திரமா இருக்குன்னு எழுதணும். அந்தக் குடும்பத்தோட பாவம் உங்களுக்கு எதுக்கு?"

முகம் தெரியாத ஒரு குடும்பத்துக்குக் கெடுதல் நினைத்துவிட்டோமே என்று ராஜாங்கம் வெட்கத்தோடு வீட்டுக்கு வந்தார். தனக்கொடி கேட்டுவிட்டுச் சல்லடையை எடுத்து மூலையில் வைத்தாள். பிறகு, "இந்த ஊர்ல வுழறதுக்கும் கியூவில நிக்கணுமா," என்றாள்.

புரட்டாசிக் கடைசியில் முத்தியால்பேட்டையில் அந்தப் பன்னிரண்டில் ஒன்று விழுந்தது. நல்லவேளையாக வீட்டில் ஆள் இல்லை. செய்தி காதில் விழுந்ததும் தனக்கொடி ராஜாங்கத்தைச் சட்டை மாட்டக்கூட விடவில்லை. துண்டோடு அனுப்பினாள். ஓர் இடம் காலியாகியிருக்கும், வேறு யாரும் கேட்பதற்குள் போய்ச் சேரட்டும் என்று.

ஜானகிராமன் தலையை ஆட்டினார். அது விழுந்ததால்தான் அபாயம் என்று சந்தேகமில்லாமல் நிரூபணமாகியிருக்கிறது, வருஷம் முடிகிறவரை அதை எப்படி நீக்குவது என்றார். பன்னிரண்டிலும் முழுத் தகுதியோடு இருப்பது அது ஒன்றுதான் என்று பெருமைப்பட்டார். தேவதாஸ் தன் மேசையிலிருந்து கையை உயர்த்தினார். "பிரான்சுலேர்ந்து பதில் வந்துடும். ஆத்தாந்தே, மொசியே." ராஜாங்கம் காத்திருந்தார். வேறென்ன செய்வது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

ஐப்பசியில் முதல் மழை பிடித்த வாரத்தில் அலுவலகம் சுவர்ப் பாதுகாப்பு வாரம் கொண்டாடியது. பாதி எல்லை துல்லியமாகக் குறிக்கப்பட்ட ஒரே சுவர் என்பதால் ராஜாங்கத்தின் வீட்டு வாசலைத் தேர்ந்தெடுத்தார்கள். பந்தல் போட்டார்கள். ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டும்போது தனக்கொடி கலியமூர்த்தியிடம் போய், அதை வேறு பக்கம் திருப்பிக் கட்டுங்களேன், ஐயா, என்று கெஞ்சினாள். அவர் திருப்பிக் கட்டினார். இப்போது அது நேராக நடு அறையைப் பார்த்தது.

ஜானகிராமன் பேசினார். நம் சுவர்கள் நம்மைவிட மூத்தவை, அவற்றை அவசரப்படுத்தக் கூடாது என்றார். ஒரு சுவர் விழுகிறது என்றால் அதற்குக் காரணம் அதற்கு உரிய மரியாதை கிடைக்காததுதான் என்றார். தன் அலுவலகம் தொடங்கிய நாளிலிருந்து இதுவரை ஒரு சுவர்கூட அனுமதியோடு விழுந்ததில்லை என்றார். கைதட்டினார்கள். ஒவ்வொரு கைதட்டலுக்கும் உள்ளே முறம் புடைத்தது. அது வாசலில் நின்ற இரண்டு பேருக்கு மட்டும் கேட்டது.

முடிவில் அவர் எல்லாரையும் அழைத்துக்கொண்டு நடு அறைக்குள் வந்தார். சுவரின் பிதுங்கிய வயிற்றின்மேல் உள்ளங்கையை வைத்தார். கல்யாணத்துக்கு வந்த தாய்மாமன் மாப்பிள்ளையின் முதுகில் தட்டுவது போலத் தட்டினார். தனக்கொடி ராஜாங்கத்தின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஜானகிராமன் மறுபடி தட்டினார். "இரும்பு," என்றார். மேலிருந்து ஒரு காரைத் துண்டு விழுந்து அவர் மாலையில் தங்கியது. பூ என்று நினைத்து அதை எடுத்துப் பார்த்தார்.

அன்று எல்லாரும் போனபின் தனக்கொடி ராஜாங்கத்தை உட்கார வைத்துப் பேசினாள். அனுமதி வேண்டாம். நாளைக்கே பிரித்துவிடலாம். ஜெயிலில் போட்டால் போடட்டும், ஜெயில் சுவர் உறுதியாக இருக்கும். ராஜாங்கம் மழையைக் காரணம் சொன்னார். மழையில் பிரித்தால் மெத்தையும் சேர்ந்து இறங்கும். அது உண்மைதான். பிரிக்க வேண்டிய நாட்களெல்லாம் அலுவலக வாசலில் போய்விட்டிருந்தன. கடைசியில் முட்டுக் கொடுப்பது என்று ஒப்புக்கொண்டார்கள். ராஜாங்கம் இரண்டு பனைமரத் துண்டுகளைத் தேங்காய்த்திட்டுப் பக்கத்திலிருந்து தலையில் வைத்துக்கொண்டு வந்தார். சுவரின் வயிற்றில் பலகை வைத்து, சாய்வாக நிறுத்தி, அடியில் கல் அடித்து இறுக்கினார்.

அன்று சாயங்காலம் முறம் புடைக்கவில்லை. மறுநாளும் தாள் கிழியவில்லை. தனக்கொடி அரிசியை ஊற வைத்து, ரொம்ப நாளுக்குப் பிறகு தன் ஆட்டுக்கல்லிலேயே ஆட்டினாள். மகளுக்குக் கடுதாசி போடச் சொன்னாள். வருகிற வெள்ளிக்கிழமை நாள் நன்றாக இருக்கிறது, அழைக்க அப்பா வருவார் என்று.

வெள்ளிக்கு முன்னால் புதன் வந்தது. டீயைப் பாதியாக்கிக் குடித்த அந்தப் புதன்.

இறுதிப் பரிசோதனை என்றார்கள். ஜானகிராமன், தேவதாஸ், கலியமூர்த்தி மூவரும் வந்தார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. தனக்கொடி அடுத்த வீட்டில் நல்ல டம்ளர்கள் இரவல் வாங்கிக் காப்பி கொடுத்தாள். குடித்துவிட்டு டம்ளர்களை நடு அறையின் மாடத்தில் வைத்தார்கள். ஜானகிராமன் முட்டுகளைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். அவருடைய குரலில் கோபம் இல்லை. வருத்தம் இருந்தது.

"இந்த முட்டு உங்க பாதியத் தள்ளுது. உங்க பாதி அவங்க பாதியத் தள்ளுது. அவங்க ஊர்ல இல்லாத நேரத்துல அவங்க சொத்த நீங்க ராப்பகலாத் தள்ளிக்கிட்டிருக்கீங்க. இத நான் எதிர்பாக்கல ராஜாங்கம்."

தனக்கொடி முன்னால் வந்தாள். அவள் அதிகாரிகளிடம் அதுவரை நேராகப் பேசியதில்லை.

"சார், அத எடுத்தா செவுரு வந்துடும் சார். வெள்ளிக்கிழம எம் பொண்ணு வருது. ஆறேழு மாசம்."

வந்துவிடும் என்பது யூகம் என்று ஜானகிராமன் பொறுமையாக விளக்கினார். சுவரை அதன் இயற்கை நிலையில் அளந்தால்தான் அது அபாயமா இல்லையா என்று சொல்ல முடியும். முட்டோடு இருக்கும் சுவரை அளந்தால் அது முட்டின் அளவு, சுவரின் அளவு ஆகாது. அவர்கள் நன்மைக்காகத்தான் சொல்கிறார். இன்றே அளந்துவிட்டால் தை மாதம் புதுப் பன்னிரண்டில் முதல் இடம்.

முதல் இடம் என்ற சொல் ராஜாங்கத்தை அசைத்தது. தேவதாஸைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார். தனக்கொடியைப் பார்த்தார். அவள் வேண்டாம் என்று தலையை அசைத்தாள். கலியமூர்த்தி ஏற்கெனவே குனிந்து ஒரு முட்டின் அடிக்கல்லைத் தட்டிக்கொண்டிருந்தார். அவர் தாறுமாறாகத் தட்டிவிடுவாரே என்ற பயத்தில் ராஜாங்கமே போய், ஒவ்வொன்றாக, சுவருக்கு வலிக்காமல் எடுத்தார்.

சுவர் நின்றது. ஜானகிராமன் புன்னகை செய்தார். தூக்குக்குண்டை எடுக்கக் கலியமூர்த்தி பையைத் திறந்தபோது மணி பன்னிரண்டு ஆகியிருந்தது. அலுவலகம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை சாப்பாட்டுக்காக மூடியிருக்கும். பிரெஞ்சுக்காரன் விட்டுப் போனவற்றில் அதை மட்டும் யாரும் பரிசீலித்ததில்லை. மூன்று மணிக்கு வந்து அளக்கிறோம், அதுவரை முட்டுகளைத் திரும்ப வைக்கக் கூடாது, வைத்தால் இயற்கை நிலை கெட்டுவிடும் என்று சொல்லிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு போனார்கள்.

மழை வலுத்தது. ராஜாங்கம் இரண்டு பனைமரத்தையும் வாசல் நடையில் கிடத்தி, ஒன்றின்மேல் உட்கார்ந்தார். வைத்துவிடலாமா என்று எழுந்தார். தெருவைப் பார்த்தார். உட்கார்ந்தார். உள்ளே போகாதே என்று தனக்கொடியிடம் சொன்னார். அவளும் போகவில்லை. அடுப்பங்கரையில் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அடுத்த வீட்டுப் பிள்ளை வந்து, அம்மா டம்ளரைக் கேட்டது என்றது. அவர்கள் வீட்டுக்கும் விருந்தாளி வந்திருந்தார்கள்.

"இதோ எடுத்தாந்துடறேன் கண்ணு, அங்கியே நில்லு," என்று தனக்கொடியின் குரல் கேட்டது.

பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. மழைச் சத்தத்துக்குள் ஒரு மூட்டையைக் கீழே வைத்தது போல இருந்தது. அப்புறம் வெண்மையாகப் புழுதி நடை வரைக்கும் வந்தது. ராஜாங்கம் அதற்குள் ஓடினார்.

மூன்று மணிக்கு அவர்கள் சொன்னபடி வந்தார்கள். அன்று சுவரை அளக்க முடியவில்லை.

பத்தாம் நாள் காரியம் முடிந்ததும் விசாரணை தொடங்கியது. ஜானகிராமன் கண்கலங்கித்தான் வந்தார். அறையின் நடுவில் நின்று, தன் அலுவலகத்தின் அளவு எவ்வளவு சரி என்பதை இடிபாடே காட்டுகிறது என்றார். தலைச் செங்கற்கள் சரியாகக் காவிக் கோட்டில்தான் பிளந்திருந்தன. ஒரு நூல் இப்படி அப்படி இல்லை. ஆனால் ஒரு சிக்கல். மேற்குப் பாதியும் எந்த அனுமதியும் இல்லாமல் கிழக்கே வந்து விழுந்திருந்தது.

"அம்மா மேல வுழுந்தது மேற்குப் பாதியா இருந்தா, நீங்க அந்த வாரிசுங்க மேல நஷ்டஈடு கேக்கலாம். நானே எழுதித் தரேன். கிழக்குப் பாதியா இருந்தா, அது உங்க செவுரு. உங்க செவுரு உங்க ஊட்டுக்காரம்மா மேல வுழுந்ததுல ஆபீசு தலையிட முடியாது. அது குடும்ப விஷயம்."

எது எந்தப் பாதி என்று கண்டுபிடிக்கக் கலியமூர்த்தி பல நாள் வந்தார். வெள்ளையடித்த பக்கம் ஒரு குவியல், பாசி பிடித்த பக்கம் ஒரு குவியல். கடைசியில் முடியவில்லை என்று எழுதினார்கள். ராஜாங்கம் அன்று வெறுங்கையால் செங்கற்களை எடுத்து எறிந்தபோது ஒழுங்கு பார்க்காமல் எறிந்திருந்தார். அதனால் சாட்சியம் கலைந்துவிட்டது. வசந்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிலைப்படியில் நின்று இதைக் கேட்டாள். அப்பா ஏதாவது சொல்வார் என்று பார்த்தாள். அவர் எழுந்து அவர்களுக்கு உட்காரப் பாய் எடுத்துப் போட்டார். கை அப்படிப் பழகியிருந்தது.

தேவதாஸ் மட்டும் மற்றொரு நாள் தனியாக வந்தார். தனக்கொடியின் படத்துக்கு முன்னால் நின்றார். கிளம்பும்போது சொன்னார்:

"ஆத்தாந்தேனு நாங்க சொல்றது ஒரு மரியாதைக்குச் சொல்றது, மொசியே. எல்லாருக்கும் சொல்றதுதான். நீங்க நெசமாவே காத்திருந்துட்டீங்க."

வசந்தாவுக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. அங்கிருந்தே பாகூருக்குப் போய்விட்டாள். தை மாதம் புதுப் பன்னிரண்டு அறிவித்தபோது அந்தச் சுவருக்கு முதல் இடம் கொடுத்தார்கள். வாக்கை அவர்கள் மீறவில்லை. ஆனால் கட்ட முடியவில்லை. இல்லாத சுவருக்கு நடுக்கோடு எங்கே என்று இன்னும் முடிவாகவில்லை. ராஜாங்கம் அந்த இடத்தில் தன் பக்கமாக ஒரு தட்டி வைத்துக் கட்டியிருக்கிறார். காற்றடித்தால் அது படபடக்கும். அப்போதெல்லாம் எழுந்து தெருவுக்குப் போய் நின்றுவிட்டு வருவார்.

வீராம்பட்டினத்திலிருந்து வீராயி என்று ஒரு பெண் அந்தத் தெருவுக்கு மீன் கொண்டு வருகிறாள். சாவுக்கு வந்து அழுதவள்தான். அதற்குப் பிறகு முதல் முறை கூடையோடு வந்தபோது பழக்கத்தில் தெருமுனையிலேயே பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். இருக்கட்டும், அப்படியே கூப்பிடு என்று ராஜாங்கம் சொல்லிவிட்டார். இப்போதும் காலையில் முனை திரும்பும்போதே, "தனக்கொடீ, சட்டிய எடுத்தா," என்றுதான் அவள் குரல் கொடுக்கிறாள்.